அடக்கம்

"என்ன எழுதியிருக்குன்னு நீயே படி," என்று புகார்ச் சீட்டை நாரேயின் பக்கம் தள்ளினாள் ஜோங்ரான்.

கொரியாவின் தேகு நகரத்தில் ஏழு மாடிக் கடை அது. முதல் மாடி மேக்கப் கவுண்டருக்கு ஜோங்ரான் மேனேஜர். நாரே அங்கே விற்பனைப் பெண்.

'வாடிக்கையாளர் பாத்ரூம் வாசலில் பத்துப் பேர் நிற்கிறோம். சீருடை போட்ட ஒருத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிற வழியாய் இல்லை. பணம் கொடுத்து வாங்குகிறவர்களுக்கா, வேலைக்காரிகளுக்கா இந்த இடம்? அடக்கம் தெரியாத பெண்.'

"வரிசையிலதான்கா நின்னேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகலை."

"அந்த வரிசையில நின்னதே தப்பு. நமக்குன்னு எங்க இருக்கு?"

"பேஸ்மென்ட்ல, ரெண்டு மாடி கீழ. எஸ்கலேட்டர்ல கால் வைக்கக் கூடாது, பின்னாடி படியிலதான் இறங்கணும். மொத்தமே ரெண்டு கதவு. போயிட்டு வர்றதுக்குள்ள கால் மணி ஆயிடுதுக்கா. எனக்கு மறுபடியும் நீர்க்கடுப்பு. நிக்கவே முடியலை."

"இந்த வருஷத்துல எத்தனாவது தடவை?"

"நாலாவது."

ஜோங்ரான் குரலைத் தாழ்த்தினாள்.

"எத்தனை வாட்டிடி சொல்றது? மத்தியானம் சூப்பைத் தொடாதே, வெறும் சோத்தைத் தின்னுட்டு எழுந்திரு. பார்லித் தண்ணியை ராத்திரி வீட்டுல குடி. இருபது வருஷமா நான் அப்படித்தானே ஓட்டுறேன்?"

இரண்டு வருஷமாக நாரேயும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா புகாரை வாபஸ் வாங்கினாத்தான் அடுத்த மாசம் நீ இங்க இருப்பே. மேல கறாரா சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில போன் போட்டுத் தரேன். கெஞ்சிக் கேட்டுக்கோ."

அன்று சாயங்காலம் வலி பொறுக்காமல் சிறுநீர்க் கோளாறு பார்க்கும் டாக்டரிடம் போனாள் நாரே. சீருடைமேல் கோட்டை மாட்டி, முகக்கவசத்தைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். கல்யாணமாகாத பெண் அந்த டாக்டரிடம் போனால் ஆயிரம் பேச்சு வரும். உள்ளே உட்கார்ந்திருந்தது அத்தனையும் கிழவர்கள். நர்ஸ் அவள் பெயரை உரக்கக் கூப்பிட்டதும் எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

டாக்டர் ஒரு பெண்மணி. அதுவே பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது.

"எத்தனை மணி நேரம் அடக்குறேம்மா?"

"ஆறு... சில நாள் ஏழு."

"ச்சு! தண்ணி?"

"குடிக்க மாட்டேன் டாக்டர். குடிச்சா வருமே."

"போன தடவை வேற டாக்டர் குடுத்த மாத்திரை?"

"ரெண்டு நாள்ல வலி நின்னுடுச்சு. மிச்சத்தை அடுத்த தடவைக்கு ஆகும்னு எடுத்து வச்சேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்க பாரும்மா. நீ அடக்க அடக்கக் கிருமி உள்ளயே குடும்பம் நடத்தும். மாத்திரையைப் பாதியில விட்டா செத்த மாதிரி கிடந்துட்டு மறுபடி எழுந்திரிக்கும். நிறையத் தண்ணி குடி, வந்த உடனே போ, மாத்திரையைக் கடைசிவரைக்கும் முழுங்கு. இப்பவே காய்ச்சல் தெரியுது. கிட்னிக்கு ஏறிடுச்சுன்னா ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்."

"வேலை செய்யுற இடத்துல விட மாட்டாங்க டாக்டர்."

"ச்சு! அவங்கள்லாம் மனுஷங்கதானா? ஒண்ணுக்குப் போறதுக்கு அடுத்தவங்ககிட்ட அனுமதி வாங்கணுமா? யார் என்ன சொன்னாலும் சரி, நீ அடக்காதே!"

நாரேயின் கண் நிறைந்துவிட்டது. அவளுக்காக ஒருத்தர் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. வெளியே வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, தெருவில் நின்றபடியே முழுவதையும் குடித்தாள். நாளைக்கு அந்த வாடிக்கையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அவரும் பெண்தானே, புரியாமலா போகும்?

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் ஜோங்ரான் எண்ணை அழுத்தி போனை நீட்டினாள்.

"ரெண்டு கையாலயும் பிடி. நல்லாக் குனிஞ்சு பேசு. குனியறது குரல்ல தெரியும்."

நாரே இடுப்புவரை குனிந்தாள். அடிவயிறு சுரீரென்றது.

"மன்னிச்சிடுங்கம்மா. அன்னைக்கு பாத்ரூம்ல இருந்தது நான்தான். எனக்கு நீர்க்கடுப்பு. இந்த வருஷத்துல நாலு தடவை வந்துடுச்சு. அடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி..."

"ச்சு!"

நாரே குனிந்த நிலையிலேயே உறைந்து போனாள். நேற்றுச் சாயங்காலம் கேட்ட அதே குரல்.

"இங்க பாரும்மா, முடியலைன்னா லீவு போடு. அதுக்காக எங்க பாத்ரூமுக்கு வந்துடுறதா? கொஞ்ச நேரம் அடக்கிக்கிட்டா செத்தா போயிடுவே?"