முட்டி வலி மாத்திரை

தேவேந்திரனின் கை நடுங்கவில்லை.

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, ஊடை நூல் ஓடும் நாடாவை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார். அருகில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக்கொண்டிருந்த மங்கையர்க்கரசியால் கணவனின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

மகள் காயத்ரியின் முகூர்த்தச் சேலை. அரக்கு உடல், பச்சைக் கரை. இரண்டும் சேரும் இடத்தில் ஓர் இழை பிசகவில்லை. இன்னும் ஒரு முழம் நெய்தால் தறியிலிருந்து அறுத்துவிடலாம்.

ஊர்ப்பட்ட கல்யாணங்களுக்கு நெய்த கை, பெற்ற பெண்ணுக்கு நெய்யாமல் போய்விடுமோ என்றுதான் ஐப்பசி முழுக்க மங்கையர்க்கரசி அழுது தீர்த்தாள்.

அப்போது அந்தக் கை தொட்டாலே ஜரிகை அறுந்தது. எல்லாம் அவர் மனசு நிலைகொள்ள டாக்டரம்மா கொடுத்த அந்த மாத்திரை. நாக்கு வறண்டு குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார். வெயில் ஏறும்வரை தூங்குவார். எழுந்து வந்தாலும், அடுத்து என்ன செய்வதென்று மறந்துபோய் தறியையே வெறித்துக்கொண்டிருப்பார்.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் சிரித்தபோது, நாமும் சிரிக்க வேண்டுமா என்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

மாத்திரைக்கு முந்தைய தேவேந்திரனை அவள் மறந்துவிடவும் இல்லை. ஒரு சமயம் தலைகால் தெரியாத உற்சாகம். ஒரு சமயம் பாயை விட்டு எழ முடியாத சோர்வு. போன தடவை அந்தச் சோர்வில் தென்னேரி ஏரிக்குள் இறங்கிவிட்டார். மாடு மேய்த்தவர்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள்.

அது தெரிந்தும்தான் செய்தாள்.

கை நடுங்கினால் வந்து சொல்லுங்கள், அளவை மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவள் போகவில்லை. போனால் ரத்தம் எடுப்பார்கள், மறுபடி வரச் சொல்வார்கள். முகூர்த்தமோ தை மாதம்.

அவளுடைய முட்டி வலிக்குக் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அதே வெள்ளை, அதே வட்டம். சேலை முடியும்வரைதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அதை அவர் உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தாள். அவருடைய மாத்திரை அரிசி டிரம்முக்குள் போனது.

மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது. பாட்டு வந்தது. எழுந்திருக்கும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து, மணமேடைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போக, பொண்ணுக்கு முன்னால் உனக்குத்தான் ஆள் வைக்க வேண்டும் என்று கேலி செய்தார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பழைய புருஷன் திரும்பி வந்துவிட்டார் என்று நம்பினாள்.

இந்த வாரம் விடிவதற்கு வெகுநேரம் முன்பே தறிச் சத்தம் கேட்டது. மகள் மேல் இருக்கும் ஆசை என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். படுத்திருக்கக் கூடாது.

இன்றும் தறியிலேயே இட்லி சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

தேவேந்திரன் வாங்கிக்கொண்டார். வாயில் போடவில்லை. ஜரிகை நூல்கண்டு வைக்கும் அட்டைப்பெட்டியை எடுத்து, அதன் அடியில் மடித்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் கொட்டினார்.

அத்தனையும் வெள்ளை மாத்திரைகள். முதல் நாள் கொடுத்ததிலிருந்து ஒன்றையும் அவர் விழுங்கியிருக்கவில்லை.

"இதெல்லாம் நீ போட்டுக்கோம்மா, முட்டிய மடக்க முடியாம தவிக்கிற. எனக்கு அந்தப் பழசையே குடு. நாலு நாளா தூக்கமே வரல. வராததே சந்தோஷமா இருக்குது... அதான் பயமா இருக்குது."

தெரிந்துமா இத்தனை நாள் சும்மா இருந்தார்? கேட்க வேண்டியதே இல்லை. காயத்ரி அவருக்கும் மகள்தானே.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டிரம்முக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். அரிசிக்குள் மாத்திரை அட்டை உடனே அகப்படவில்லை. பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

எடுத்துக்கொண்டு திரும்பியபோது, தேவேந்திரன் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, நடுங்காத அந்தக் கையை நீட்டியபடி காத்திருந்தார்.