அரைச் சுற்று

"கேளுங்க மேடம். ரெண்டு பக்கமும் ஒரே சத்தமா வர்தா?"

ரப்பர் குழாயின் ஒரு முனையை இடது கார்புரேட்டரின் வாயில் வைத்து, மறுமுனையை பிரபாவதியிடம் கொடுத்தான் திருநாவுக்கரசு. அவள் அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடினாள். எஞ்சின் காற்றை இழுக்கும் 'ஸ்ஸ்' சத்தம். பிறகு வலது பக்கம். அங்கேயும் அதே 'ஸ்ஸ்'.

"ஒரே மாதிரிதான் இருக்கு."

"அவ்ளோதான். இனிமே பேஜாரு பண்ணாது."

எஞ்சினை அணைத்துவிட்டு அவள் முன்சீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் திருநாவுக்கரசு இடது கார்புரேட்டரின் ஸ்குருவை அரைச் சுற்று தளர்த்தினான். சத்தமில்லாமல் பின்பக்க எஞ்சின் மூடியைச் சாத்தினான்.

அரைச் சுற்றுதான். வண்டி நிற்காது. ஆனால் இரண்டு வாரத்தில் திக்கித் திணறும். அவள் மறுபடி வந்துதான் ஆகவேண்டும்.

காசுக்காக அவன் இதைச் செய்யவில்லை. கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அவன் ஷெட். மனைவி இறந்து ஆறு வருஷம், பிள்ளைகள் இல்லை. நாள் முழுக்க வண்டிகள் பறந்தன, நிற்பதில்லை. காலையில் டீக்கடையில் "ஒரு டீ" என்று சொன்னபின் அன்றைக்கு வாயையே திறக்காத நாட்களும் உண்டு.

எட்டு மாதத்துக்கு முன் அந்தப் பழைய வண்டு கார், ஆக்சிலரேட்டர் கம்பி அறுந்து அவன் ஷெட் வாசலில் நின்றது. எஞ்சின் பின்னால் இருக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டாத, காற்றிலேயே குளிரும் வண்டி. இறந்துபோன அப்பாவுடையது, இரண்டாவது கார்புரேட்டரும் அவர் மாட்டியதுதான் என்றாள் பிரபாவதி. அணுபுரம் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறாள், ஆபீஸ் வேலை. "அப்பா இருந்தவரைக்கும் இதை வீட்லயே பாத்துப்போம்" என்றாள்.

கம்பியை மாற்றியவன், இரண்டு கார்புரேட்டரையும் டியூன் செய்தான். அந்த இரண்டு மணி நேரமும் அவள் பழைய டயர் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அவள் கிளம்பும்போது அவன் கை தானாக அந்த ஸ்குருவைத் திருகியது.

அதன்பிறகு ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் கார் வந்துவிடும். ஒரே ஒரு விஷயம்தான் அவனுக்குப் புரியவில்லை. அவன் தளர்த்துவது இடது பக்கம். திரும்பி வரும்போது கெட்டிருப்பது வலது பக்கம். ரோடு குலுக்கலில் ஏதோ ஆகிறது என்று விட்டுவிட்டான்.

ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. போன் நம்பர் கேட்கும் துணிச்சல் அவனுக்கு எப்போதும் வந்ததில்லை. பாலாற்றுப் பாலத்தில் கார் திக்கி நிற்பதும், பின்னால் லாரி வருவதும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைப் பூட்டிவிட்டு, செங்கல்பட்டில் பஸ் மாறி அணுபுரத்தில் இறங்கினான். விசாரித்துப் போனபோது, வீட்டு வாசலில் கார் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

கதவைத் தட்டினான். வெகு நேரம் கழித்துத் திறந்தது. பிரபாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் பாதியாகியிருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

"எம்மேலதான் தப்பு மேடம்! ஒவ்வொரு தபாவும் நான்தான் லெஃப்ட் சைடு ஸ்குருவ அரை சுத்து லூஸ் பண்ணி உட்டேன். நீங்க திரும்ப வரணும்னு. வண்டி நடுரோட்டுல நின்னு, உங்களுக்கு இப்டி ஆயிப்போச்சே!"

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சிக்குன்குனியா. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு இதேதான். முட்டியை மடக்க முடியல, கிளச்சை எப்படி மிதிப்பேன்?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

"அப்புறம், அந்த அரை சுத்து எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்பலருந்து?"

"முதல் நாள்லேருந்து. ஸ்டார்ட் பண்ணதுமே சத்தம் மாறிடுச்சு. பத்து வயசுலேருந்து அப்பாகூட உக்காந்து அந்த எஞ்சினைப் பிரிச்சு மாட்டினவ நான். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்புற வழியில படாளம் தாண்டினதும் ஓரங்கட்டி, நானே சரி பண்ணிட்டுத்தான் வருவேன்."

"அப்ப ரைட் சைடு எப்டி கெட்டுச்சி?"

"அதுவும் நான் பண்ணதுதான்."

திருநாவுக்கரசு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா மேடம் இது! எல்லாம் தெரிஞ்சிகினு, அம்மாந்தூரம் எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

பிரபாவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க எதுக்கு லூஸ் பண்ணீங்களோ, அதுக்குத்தான்."