தண்ணீருக்குத் தடையில்லை

பந்தயத் திடலின் சோதனைக் கொட்டகையில் இருந்தவர்கள்: எரிபொருள் பரிசோதகர், லிஃப்ட் மெக்கானிக், அவன் மனைவியின் தம்பி, ஒரு பழைய பந்தயக் கார்.

காரும் ஓர் ஆள்தான் என்பது மெக்கானிக்கின் கட்சி.

பரிசோதகர் டாங்கின் அடியிலிருந்த திருகைத் தளர்த்தி, பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்தார். குழாயில் பத்தாம் கோடு வரை முன்பே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். குலுக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்.

பெட்ரோலில் எத்தனால், அதாவது சாராயம், இருந்தால் அது தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் மட்டம் ஏறும். ஏறினால் வண்டி வெளியே. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்களின் கிளப்தான், ஆனாலும் இந்த விஷயத்தில் கெஞ்சல் எடுபடாது.

மெக்கானிக் கவலைப்படவில்லை. ஊரிலுள்ள பங்க் அத்தனையிலும் எத்தனால் கலந்ததுதான் என்பதால், கலக்காததைத் தேடிப் பதினோரு நாள் அலைந்திருக்கிறான். விமானத் திடலில் "உங்க விமானம் எங்க நிக்குது?" என்று கேட்டார்கள். படகுத்துறையில் படகைக் கேட்டார்கள். கடைசியில் மரம் அறுக்கும் மெஷின் விற்கிற கடையில், மூடி பிரிக்காத டின்களில் சுத்த பெட்ரோல் கிடைத்தது. பன்னிரண்டு டின்.

வருடத்துக்கு மூன்று முறை தொடக்கக் கோட்டைத் தாண்டாதவனின் பந்தய லைசென்ஸ் போய்விடும். ஐம்பதைக் கடந்தவனுக்குப் புதிதாகத் தரமாட்டார்கள். அவனுக்கு ஐம்பத்திரண்டு. இரண்டு முறை தாண்டியாயிற்று. இன்று வருடத்தின் கடைசிப் பந்தயம்.

மட்டம் ஏறியது. பத்திலிருந்து அறுபதுக்கு.

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது பெட்ரோல்ல சாராயம் இல்லீங்க. சாராயத்துல பெட்ரோல்."

மெக்கானிக் மச்சானைப் பார்த்தான். மச்சான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"அது சாராயம் இல்ல மாமா. தண்ணி."

"தண்ணி எப்படிடா வந்துச்சு?"

"கடைக்காரன் ஏமாத்தியிருந்தா? அதான் நானே டெஸ்ட் பண்ணேன். பாப்பாவோட பழைய பால்புட்டியில. ஒவ்வொரு டின்னையும் காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ."

"டெஸ்ட் பண்ணதை என்ன பண்ண?"

"டாங்க்லயே ஊத்திட்டேன். அவ்ளோ அலைஞ்சு வாங்கினது. கீழ கொட்ட மனசு வரல மாமா."

பன்னிரண்டு டின்னும் இருபத்துநான்கு முறை தேறியிருந்தன. தேறிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் டாங்கில் இறங்கி, அடியில் போய் உட்கார்ந்திருந்தது.

பரிசோதகர் காலிக் குழாய் ஒன்றை எடுத்தார். இந்த முறை தண்ணீர் ஊற்றாமல் பிடித்தார். குலுக்காமலே அது இரண்டாகப் பிரிந்து நின்றது. எத்தனால் அப்படித் தானாகப் பிரியாது. பெட்ரோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும். மேலே மிதந்ததை மட்டும் ஊசிக்குழலில் உறிஞ்சி, மறுபடி முறைப்படி சோதித்தார்.

பத்து பத்தாகவே நின்றது.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விதிப்புத்தகத்தை எடுத்து, தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் விரலை ஓட்டினார்.

"தண்ணிக்குத் தடையில்ல. பாஸ்."

சொன்ன கையோடு டாங்க் மூடியையும் அடித்திருகையும் கம்பியால் பிணைத்து ஈய முத்திரை வைத்தார்.

"சார், சார், அந்தத் தண்ணிய மட்டும் வெளிய விட்டுடறேன்…"

"சீல் வச்சாச்சு. பந்தயம் முடிஞ்சுதான் பிரிக்கணும்."

மெக்கானிக் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கார் இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை அதுவும் இல்லை.

நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் இருபத்தாறு வருடமாகப் பதறாமல் பேசிப் பழகியவன் அவன். அந்தக் குரலில் கேட்டான்:

"கோட்டைத் தாண்டணும்னு இருக்கு. இன்ஜின் ஓடித்தான் தாண்டணும்னு இருக்கா சார்?"

பரிசோதகர் புத்தகத்தை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் புரட்டினார்.

"இல்ல. தள்ளலாம். ஆனா உங்க ஆளுதான் தள்ளணும். அதிகாரிங்க கை வைக்கக் கூடாது."

கார் எழுநூற்றைம்பது கிலோ. கோடு மேட்டின் மேல். மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். மேட்டைப் பார்த்தான். மடிப்பை இறக்கிவிட்டான்.

"மத்த வண்டிக்காரங்களை என் ஆளுன்னு எழுதிக்கலாமா?"

"எந்த வண்டிக்காரங்க?" என்றார் பரிசோதகர். "பதினோரு வண்டி வந்துச்சு. பதினொண்ணும் எத்தனால். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

மெக்கானிக்தான் கடைசியாக வந்தவன். வெளியே சத்தமில்லாததைச் சாப்பாட்டு நேரம் என்று நினைத்திருந்தான்.

பரிசோதகர் மணி பார்த்தார். பந்தயம் தொடங்கப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

"ஒரு வண்டியாவது கோட்டைத் தாண்டலைன்னா, அடுத்த வருஷம் இந்த வேலைக்கு வேற ஆள்னு சொல்லிட்டாங்க," என்று கண்ணாடிக் குழாயிடம் சொன்னார்.

பிறகு மெக்கானிக்கின் விண்ணப்பத்தை எடுத்தார். உதவியாளர் என்ற இடத்தில், மச்சான் பெயருக்குக் கீழே, தன் பெயரை எழுதினார். அதை ஒருமுறை சரிபார்த்து, அதிகாரி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேட்ஜைக் கழற்றி டிராயருக்குள் வைத்தார்.

மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். மற்ற இருவரும் முதுகைக் கொடுத்து நெம்பினார்கள். கார் முனகிக்கொண்டே வெயிலுக்கு வந்தது.

"ஒரு நிமிஷம்," என்று பரிசோதகர் திரும்பி ஓடினார். "சோதனை முடிஞ்சா போட்டியாளரோட ஆளுங்க யாரும் உள்ள இருக்கக் கூடாது."

உள்ளே யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, தானும் வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.