நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"இந்தப் படத்துல இருக்கறாப்பலயே வேணுங்ணா. ஒரு இஞ்சு மாறக் கூடாது."

அன்புச்செல்வி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துச் சொன்னாள். டைலர் கண்ணையா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

கருமத்தம்பட்டியில் மற்ற டைலர்கள் ஈ ஓட்ட, கண்ணையாவின் கடையில் மட்டும் கூட்டம் மொய்ப்பதற்குக் காரணம் அந்தப் புத்தகம்தான். தபாலில் துணிமணி விற்கும் அமெரிக்கக் கம்பெனி ஒன்று 1958-இல் அச்சடித்தது. மேட்டுப்பாளையம் பக்கத்துக் காகித மில்லுக்குக் கப்பலில் வந்த கழிவுக் காகித மூட்டைக்குள் கிடந்து, எப்படியோ அவர் கைக்கு வந்து சேர்ந்தது. தலையணை கனம் இருக்கும். தொப்பி, கோட்டு, குடை மாதிரி விரிந்த பாவாடை என்று பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக்காரிகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் ஜாக்கெட்டுக்குக் கையும், குழந்தைச் சட்டைக்குக் காலரும் தேர்ந்தெடுப்பார்கள். அமெரிக்காக்காரன் மறந்துபோன நாகரிகம் 1994-இல் கருமத்தம்பட்டியில் புத்தம் புதிதாக உலா வந்தது.

"இது கல்யாணக் கவுனுதானுங்களா அம்மணி?"

"பின்னே? வெள்ளை லேசு, தரை வரைக்கும் வருது. கையில மெழுகுவத்தி வேற வெச்சிருக்கறா பாருங்க. கோயிலுக்குத்தான் கெளம்பறா."

படத்துக்கு மேலே கொடி படர்ந்த மாதிரி வளைத்து வளைத்து இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. இருவருக்கும் அது பிடிபடவில்லை. படம் பளிச்சென்று இருக்கும்போது எழுத்தை யார் பார்க்கிறார்கள்?

அன்புச்செல்வியின் தெருவில் இதுவரை எல்லா மணப்பெண்களும் கோயமுத்தூரிலிருந்து வரும் வாடகைக் கவுனைத்தான் போட்டார்கள். யார் உடம்புக்கோ தைத்ததை, முதுகில் பத்து ஊக்கு குத்தி இறுக்கிக்கொள்வார்கள். தனக்கு அப்படி ஆகக் கூடாது என்று மில்லில் ஓவர்டைம் பார்த்து அவளே துணி வாங்கியிருந்தாள். மாப்பிள்ளை ஜெரோமின் வீட்டில்தான் பிடி கொடுக்கவில்லை. "வாடகைக் கவுனே போதும். எதுக்கும் பிலோமினா வரட்டும், அவ சொல்றதுதான்" என்றுவிட்டார்கள்.

பிலோமினா ஜெரோமின் அக்கா. பதினொரு வருடமாக அமெரிக்காவில் நர்ஸ் வேலை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் நேராகத் தையல் கடைக்கே வந்துவிட்டாள். அன்புச்செல்வி கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தாள்.

"எப்படி இருக்குதுங்க அக்கா?"

பிலோமினா மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கண்ணையாவிடம் திரும்பினாள்.

"எதைப் பார்த்துத் தெச்சீங்க?"

கண்ணையா பெருமையோடு புத்தகத்தை விரித்துக் காட்டினார். அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்புச்செல்வி கண்ணாடியை விட்டுத் திரும்பினாள்.

"அக்கா, வேண்டான்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. இத்தன நாளா இதையேதான் நெனச்சுட்டிருக்கேன்." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

பிலோமினா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு வேண்டான்னா? இதையே போட்டுக்க கண்ணு. ஏனுங்க டைலரண்ணா, உள்ளுக்குள்ள கனமா சாட்டின் லைனிங் குடுங்க. கழுத்த இன்னும் மேல ஏத்துங்க. இடுப்புக்கு ஒரு பெல்ட்டு வெய்யுங்க."

"படத்துல அப்படி இல்லீங்களே?"

"படத்துல இருக்கறாப்பல வேண்டாங்க."

அத்தோடு விட்டாளா? நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை டர்ரென்று கிழித்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அட என்னங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்க!" கண்ணையா பதறினார்.

"இந்த டிசைனு அன்புக்கு மட்டுந்தானுங்க. வேற யாருக்கும் தெச்சுப்போடாதீங்க." சொல்லிவிட்டுப் போயே விட்டாள்.

"அமெரிக்காவுல இருந்தா இத்தன திமிரா?" அன்புச்செல்விக்கு ஆறவே இல்லை. கவுன் தப்பியது பெரிதுதான். ஆனாலும் அவள் ஆசையாகத் தடவித் தடவிப் பார்த்த படமாயிற்றே அது.

கல்யாணத்தன்று பூசை முழுக்க ஊர்க் கண்ணெல்லாம் கவுன் மேல்தான் இருந்தது. தரையில் புரளாமல் அதன் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிலோமினா பின்னாலேயே நடந்தாள். அதுவும் அன்புச்செல்விக்குக் கண்காணிப்பு மாதிரிதான் பட்டது.

மத்தியானம் பந்தியில் கண்ணையா பிலோமினாவைத் தேடிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, கோயில்ல பார்த்துப்போட்டு மூணு பொண்ணுங்க இதே கவுனு கேட்டிருக்காங்க. பக்கத்தக் கிழிச்சா என்னங்க? அளவு வெட்டுன காகிதம் எங்கிட்டதான இருக்குது!"

பிலோமினாவுக்குத் தண்ணீர் புரையேறியது. இருமலா சிரிப்பா என்று தெரியாமல் கண்ணீர் வழிந்தது.

ஜெரோம் அவளைத் தனியே கூட்டிப் போனான்.

"அக்கா, அன்புக்கு இன்னும் வருத்தமாத்தான் இருக்குது. எதுக்கு அந்தப் பக்கத்தக் கிழிச்சே?"

பிலோமினா திரும்பிப் பார்த்தாள். பந்தலுக்குள் அன்புச்செல்வி பெண்கள் கூட்டத்தின் நடுவே நின்று, லேசைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பிலோமினா கைப்பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து ஜெரோமின் கையில் திணித்தாள்.

"படிச்சுப்போட்டு அடுப்புல போட்டுரு. சாகற வரைக்கும் அவகிட்ட மூச்சு உடாதே."

ஜெரோம் டிப்ளமா படித்தவன். மடிப்பைப் பிரித்து, வளைந்து வளைந்து ஓடிய இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான்.

'விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகும் நேரத்துக்கு, எங்கள் மெல்லிய லேஸ் நைட்டி.'