வெளியே சுற்றியவன்

"ஏலே, நில்லுலே!"

எஸ்.ஐ. ஸ்ரீவித்யா லத்தியைக் குறுக்கே நீட்டியதும் மாரிச்செல்வம் மொபெட்டை நிறுத்தினான்.

கொரோனா ஊரடங்கு. குத்துக்கல்வலசையில் அந்தத் தெரு மொத்தமும் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. இவன் மட்டும் தினமும் தென்காசிக்கும் ஊருக்குமாகச் சுற்றினான்.

"இன்னைக்கு என்ன கதை சொல்லப் போற?"

"மருந்து வாங்கப் போனேன் மேடம்."

"நேத்தும் இதத்தான் சொன்ன. பையத் தொற."

சர்க்கரை மாத்திரை, இழுப்பு மருந்து, பால் பவுடர், அதோடு ஒரு கட்டு வெற்றிலை.

"எல்லாம் ஒரே வீட்டுக்கா? கூடுதல் விலைக்கு விக்குதியோ?"

"இல்ல மேடம், இது வந்து..."

"ஒண்ணும் பேசாத. பைய எடுத்துக்கிட்டு நட. வண்டி ஸ்டேஷன்ல கெடக்கட்டும்."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். ஸ்ரீவித்யாவுக்குத் திருப்தி. மற்ற தெருக்களில் விரட்டி விரட்டிக் கால் ஓய்ந்துபோகிறது. இந்தத் தெரு மட்டும் தன் லத்திக்குப் பயப்படுகிறது என்று அவளுக்கு ஒரு பெருமை.

மறுநாள் காலையில் வந்தவள் திகைத்துப் போனாள். தெருவே முக்கில் திரண்டு நின்றது.

"எல்லாரும் உள்ள போங்க! இத்தன நாளா ஒழுங்கா இருந்துட்டு, இன்னைக்கு என்ன வந்துச்சு?"

இடுப்பில் பிள்ளையோடு முத்துலட்சுமி முன்னால் வந்தாள்.

"புள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வேணும் மேடம். எப்பவும் மாரிட்ட சொன்னா வாங்கியாந்துருவான். அவன் வண்டியத்தான் நீங்க புடிச்சு வச்சிருக்கீயளே!"

"வெலைக்கு மேல எவ்வளவு வாங்குவான்?"

"பெட்ரோலுக்குக் குடுத்தாக்கூட வாங்க மாட்டுக்கான்!"

பின்னால் நின்ற முத்துக்குமாரசாமி சொன்னார்: "வீட்டுல அரிசி இருந்தாத்தானம்மா கதவச் சாத்திக்கிட்டு இருக்க முடியும்?"

ஸ்ரீவித்யா நேரே மாரிச்செல்வத்தின் வீட்டுக்குப் போனாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்லாப்பா?"

"நீங்க எங்க மேடம் சொல்ல விட்டீய?"

அவளுக்கு முகம் சுண்டியது. "உனக்கு எதுக்கு இந்த வேல?"

அவன் கொஞ்சம் தயங்கினான்.

"இந்தத் தெருவுல மொத மொத எங்க வீட்டத்தான் கொரோனான்னு தகரம் வச்சு அடைச்சாங்க. எங்கம்மைக்கு மாத்திரை தீந்து போச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், ஒரு ஆளு எட்டிப் பாக்கல. தகரத்தப் பிரிச்சுக்கிட்டு நானே கடைக்கு ஓடினேன். எனக்கும் நோய் இருந்துச்சு மேடம். யாருக்கெல்லாம் ஒட்ட வச்சேனோ, இன்னைக்கும் தெரியாது. இவங்களும் அப்படி ஓடிறக் கூடாதுல்லா?"

அன்று மத்தியானமே மொபெட் திரும்பி வந்தது, முன்னால் ஒட்டிய அனுமதிச் சீட்டோடு. தெரு மறுபடியும் அடங்கியது.

அடுத்த வாரம் பார்வையிட வந்த டி.எஸ்.பி. அசந்து போனார்.

"ஊரு பூரா ஆளுகள உள்ள வைக்க முடியாம முழிக்கிறாங்க. நீங்க மட்டும் எப்படிம்மா ஒரு தெருவையே உள்ள வச்சீங்க?"

ஸ்ரீவித்யா நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"ஒருத்தன வெளிய விட்டேன் சார்!"