கிழக்கு யன்னல்

"எனக்கு அந்த றூமிலை இருக்க ஏலாது, அம்மா. மாட்டுக் கொட்டிலிலை விட்டாலும் பரவாயில்லை."

கோபிகா சொன்னது தாய் நிரோஜாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் மேசன் பிரகாசுடன் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"யன்னல் கிழக்குப் பக்கமாய் வரவேணும். நிலத்துக்கு நல்ல மாபிள் போடுங்கோ."

"மாபிளோ? வீட்டுப் படத்திலை சும்மா றூம் எண்டுதானே கிடக்கு அக்கா. சாமான் போடுறதுக்கெண்டெல்லோ நினைச்சன்."

தெல்லிப்பழையில் எழும்பிக்கொண்டிருந்த அந்தப் புது வீட்டில் றூம் என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள். மேசனுக்கு அது நாலு சுவர். பாரிசில் இருக்கும் அப்பாவுக்கு, சிநேகிதர்களோடு முறைவைத்துப் படுக்கும் இடம். அப்பாவின் அக்கா குணலட்சுமிக்கோ, மாதத்தில் மூன்று நாள் துடக்கென்று பெண்கள் ஒதுங்கவேண்டிய மூலை. பழைய வீட்டில் அது கோடிப்புறத்துத் தகரக் கொட்டில். கலியாணம் முடித்து வந்த நாள்முதல் நிரோஜா அதற்குள்தான் பாய் விரித்தாள்.

"சாமியறை இருக்கிற வீடு, பிள்ளை. துடக்கோடை உள்ளுக்கை உலாவ ஏலுமே?" என்றாள் குணலட்சுமி மாமி. "மூண்டு நாள் தனிய இருந்தால் ஒரு ஆளுக்கும் ஒண்டும் குறையாது. கொம்மா இருக்கேல்லையே?"

போன மாதம்தான் பெரியபிள்ளையான கோபிகா தாயைப் பார்த்தாள். "சொல்லுங்கோவன் அம்மா."

"மச்சாள் சொல்லுறது சரிதான்," என்றாள் நிரோஜா.

"கட்டிலுக்கு எந்தப் பக்கம் இடம் விட, அக்கா?" என்று மேசன் கேட்டான்.

"கட்டில் வேண்டாம். அந்தச் சுவரிலை நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு தட்டு கட்டுங்கோ."

கட்டில்கூட இல்லை. கொட்டிலுக்குள் முகம் பொத்தி அழுததெல்லாம் அம்மாவுக்கு மறந்துபோயிற்றா? அல்லது தான் பட்டதை மகளும் படட்டும் என்றா?

"பிடிச்சு இழுத்தாலும் போகமாட்டன்," என்றாள் கோபிகா.

"உந்தப் பிடிவாதம் நல்லது. விட்டிடாதை," என்றாள் நிரோஜா. கிண்டல் என்று நினைத்த மகள் அன்றிலிருந்து தாயோடு கதைக்கவில்லை.

புது வீட்டுக்குக் குடிபூரல் அன்று காலை பால் பொங்கியது. நிரோஜா முருகன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்பக்கத்துச் சாமியறையைத் தாண்டி, குசினியையும் தாண்டி நடந்தாள்.

"எங்கை போறாய்? சாமியறை இஞ்சையெல்லே," என்றபடி பின்னால் ஓடினாள் மாமி.

நிரோஜா பின்னறைக் கதவைத் தோளால் தள்ளினாள். மாபிளில் காலை வெயில் விழுந்து கிடந்தது. படத்தைத் தட்டில் வைத்து, சரிவு பார்த்து நேராக்கினாள்.

"கோபிகா, உன்ரை கட்டிலை சாமிக்கெண்டு கட்டின முன்னறைக்குள்ளை போட்டாச்சு, போய்ப் பார்," என்றாள். பிறகு மாமியிடம் திரும்பினாள்.

"துடக்குப் படக்கூடாதது சாமிக்குத்தானே, மச்சாள். அவர் இஞ்சை ஒதுங்கி இருக்கட்டும். தனிய இருந்தால் ஒரு ஆளுக்கும் ஒண்டும் குறையாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."