பன்றிக்குப் பிறகு

"பன்னிப் பண்ணையா? அது கியூசங்கோட கதை. நீ யானை, கடல், மாம்பழம்னு ஏதாவது பாடு." விச்சித்தின் எட்டு வரிகளையும் ஓ என்ற கொரிய மேனேஜர் பென்சிலால் அடித்தார்.

சியோல் ஸ்டூடியோவின் சுவர் முழுக்க ராப் பாடகன் கியூசங்கின் படம்தான். கிழிந்த சட்டை, முழங்காலில் சேறு. பன்றிப் பண்ணையில் பசியோடு வளர்ந்தவன் என்றுதான் கொரியாவே அவனுக்காகக் கண்ணீர் விட்டது.

"அந்த எட்டு வரியும் நான் பட்டது சார். தாய்லாந்துல புரிராம்லேர்ந்து வந்து இங்க வருஷக்கணக்கா பன்னிச் சாணிதான் அள்ளினேன். அது இல்லாம நான் பாடல. ஊருக்கு டிக்கெட் போட்டுக் குடுங்க."

"சாணி அள்ளினவனெல்லாம் பாட்டெழுதினா பன்னிதான் கேக்கும். தாய்லாந்துல விக்கணுமேன்னு உன்னைக் கூப்பிட்டோம். கையக் கூப்பு, சிரி, உங்க ஊர் மெட்டுல நாலு இழுப்பு இழு. போதும்."

அதற்குள் கியூசங் வந்துவிட்டான். பின்னால் ஒருவன் அந்தக் கிழிந்த சட்டையை இஸ்திரி போட்டு, ஹேங்கரில் மாட்டி ஏந்தி வந்தான்.

விச்சித் பத்து வயது மூத்தவன். ஆனாலும் நட்சத்திரத்தை 'அண்ணே' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. "வணக்கம் அண்ணே" என்று குனிந்தான்.

கியூசங் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "யாரு இவன்?"

"தாய்லாந்து. உன் பன்னியில பங்கு கேக்குறான்."

விச்சித் அந்த முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான்.

"சரி, சோறு வரிய ரெண்டு பேரும் சொல்லுங்க. வித்தியாசம் தெரியட்டும்" என்றார் ஓ. கியூசங்கின் பாட்டில் வரும் நொண்டிப் பண்ணைக்காரன், வேலையாளைப் பார்த்துச் சொல்லும் வரி அது. சியோலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

விச்சித் மைக்கில் சொன்னான். "டேய், பன்னி தின்ன அப்புறம்தான் உனக்குச் சோறு."

அடுத்து கியூசங் சொன்னான். சட்டை ஏந்தி வந்தவன்கூடக் கை தட்டினான்.

"கேட்டியா? அவன் சொன்னா அதட்டுற மாதிரி இருக்கு. நீ சொன்னா திட்டு வாங்குற மாதிரி இருக்கு. அதுக்குப் பேருதான் தரம்" என்றார் ஓ.

"வாஸ்தவம் சார்." விச்சித் பையைத் தோளில் மாட்டினான்.

"அடிச்ச வரி அடிச்சதாவே இருக்கட்டும். இவனை அனுப்புங்க" என்றான் கியூசங். விச்சித் நகராமல் இருப்பதைப் பார்த்து, "இன்னும் என்னடா?"

விச்சித் இரண்டு கைகளையும் தொடையோடு சேர்த்து, பண்ணை வாசலில் நிற்பதைப்போல் அவன் முன்னால் குனிந்தான்.

"அப்பாவோட நொண்டிக் கால் இப்பத் தேவலையா, சின்ன முதலாளி?"